கிரீக்கின் நாட்டில் நவசெவ்வியல்

கேள்வி: நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் 'ஹோல்பர்க் தொகுப்பு' பழைய நடன வடிவங்களில் அமைந்திருக்கிறதே! அப்படியானால் பழைய வடிவங்களைப் புதிதாகக் கையாளும் நவசெவ்வியல் இசையை மற்ற நாடுகளுக்கு முன்பே நார்வே ஏற்றுக்கொண்டது எனலாமா?

பதில்: அப்படிச் சொல்ல இயலாது. பெர்கனில் பிறந்த நாடகாசிரியர் லுட்விக் ஹோல்பர்கின் இருநூறாவது பிறந்த ஆண்டான 1884-இல், அவர் காலத்து இசையின் சாயலில் கிரீக் பியானோவுக்கு எழுதிய படைப்பு அது. மறு ஆண்டே அதை நரம்புக் கருவிகளுக்கும் மாற்றியமைத்தார். சரபாந்து, கவோத் முதலிய நடனங்களின் சட்டகம் பழையதுதான். ஆயினும் இறுதிப் பகுதியான ரிகோதோனில் ஒற்றை வயலினும் ஒற்றை வியோலாவும் முன்வந்து துள்ளி ஓடுகையில், நார்வேக் கிராமத்துப் பிடில்காரர்களே நினைவுக்கு வருகிறார்கள். முன்னோர் ஒருவருக்கு அன்போடு செலுத்திய மரியாதை அது. உணர்ச்சிப் பெருக்கை ஒதுக்கி, தெளிவையும் சிக்கனத்தையும் கொள்கையாகக் கொண்டு 1920-களில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை முன்னிறுத்தி வளர்ந்த நவசெவ்வியல் இயக்கம் வேறு.

அவ்வியக்கம் பாரிசில் வலுப்பெற்றபோது, 1905-இல்தான் ஸ்வீடனிடமிருந்து பிரிந்திருந்த நார்வே, நாட்டுப்புற மெட்டுகளிலும் நார்ஸ் எனப்படும் பண்டைய வடஐரோப்பிய மொழிப் பாடல்களிலும் தன் இசையைத் தேடிக்கொண்டிருந்தது. இசையமைப்பாளர் டேவிட் மோன்ராட் யோஹான்சனின் 'வோலுஸ்போ' என்ற படைப்பு அந்த மனநிலையில் பிறந்ததே. இதற்கு மாறாகப் பிரெஞ்சு இசையின் பக்கம் நின்றவர்களில் பாரிசில் பயின்ற பவுலின் ஹால் முதன்மையானவர். இசையமைத்ததோடு நாளிதழ் விமர்சகராகவும் எழுதி, 1938-இல் சமகால இசைக்கென 'நி மூசிக்' அமைப்பையும் தோற்றுவித்தார். அவருக்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஹாலின் வாதங்கள் செய்யாததைப் போர் செய்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் நாஜி ஆதரவுக் கட்சி தேசியப் பெருமிதத்தைத் தனதாக்கிக்கொண்டது. அக்கட்சியில் உறுப்பினராக இருந்த யோஹான்சன் விடுதலைக்குப் பின் தேசத்துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். தேசிய முழக்கம் இவ்வாறு கறைபட்ட பிறகே, வடிவ ஒழுங்கை மட்டும் நம்பிய நவசெவ்வியல் பல இளைஞர்களை ஈர்த்தது. அவர்களுள் யோஹான்சனின் சொந்த மகனான யோஹான் குவாண்டலும் ஒருவர் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 1950-களின் முற்பகுதியில் பாரிசில் புகழ்பெற்ற இசை ஆசிரியை நாடியா பூலான்ஜேயிடம் பயின்ற அவர், நாட்டுப்புற மெட்டுகளைத் துறக்காமலே அவற்றைக் பல மெட்டுகள் ஒரே நேரத்தில் இழையும் கட்டுக்கோப்பான பல்குரல் பின்னலுக்குள் கொண்டுவந்தார். நவசெவ்வியலை நார்வே ஏற்ற விதத்துக்கு அவர் இசையே தக்க சான்று.

அந்த ஏற்பு நெடுநாள் நீடிக்கவில்லை. இதே பாணியில் தொடங்கிய நார்வே இசையமைப்பாளர் ஃபின் மோர்ட்டன்சன், 1950-களிலேயே பன்னிரண்டு சுரங்களையும் சமமாகக் கையாளும் பன்னிரு சுர முறைக்கு நகர்ந்துவிட்டார்.