சர்வர் அறைப் பதில்கள்: இந்த மாதம் ஹோஸ்டிங் கணக்கு

கோவையில் சிறு தொழில்களுக்கும் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் வலைத்தள இடம் விற்றுவரும் எங்கள் பத்தியாளர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை ஹோஸ்டிங் பற்றியே, அதாவது வலைத்தளத்தை வைக்க சர்வரில் இடம் வாடகைக்கு விடும் தொழில் பற்றியே.

உலகத்தில் 100 கோடி வலைத்தளங்கள் இருக்கின்றன, ஹோஸ்டிங் தொழில் அவ்வளவு பெரிசு என்று ஒரு சேல்ஸ் பையன் சொன்னான். நம்பலாமா?
*ஜவுளி மொத்த வியாபாரி, ஈரோடு*

பையன் பொய் சொல்லவில்லைங்க. எதை எண்ணி 100 கோடி வந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டான்.

இங்கிலாந்தில் நெட்கிராஃப்ட் என்றொரு நிறுவனம் இருக்கிறது. 1995 ஆகஸ்டிலிருந்து, எத்தனை தளங்கள் கூப்பிட்டால் பதில் கொடுக்கின்றன என்று எண்ணிக்கொண்டே வருகிறார்கள். முதல் முறை எண்ணியபோது கிடைத்தது 18,957. 2006-ல் 10 கோடி. 2014 செப்டம்பரில் 100 கோடியைத் தொட்டது. ஆனால் அதே கணக்கில் ‘செயல்படும் தளங்கள்’ என்று இன்னொரு எண்ணும் போடுவார்கள். அது பல வருஷமாக 20 கோடியை ஒட்டியே நிற்கிறது. மிச்சமெல்லாம்? டொமைன் என்னும் தளப் பெயரை மட்டும் வாங்கிப்போட்டு, பதிவு செய்து கொடுத்த கம்பெனியின் விளம்பரப் பக்கத்தோடு தூங்குபவை. கூகுளை ஏமாற்ற ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்தவை. ஆரம்பித்த உற்சாகத்தில் ‘விரைவில் வருகிறோம்’ என்று போட்டு, வராமலே போனவை. இந்த மூன்றாவது ரகம் என்னிடமே கணிசமாக உண்டு.

இந்த எண்ணிக்கை எவ்வளவு லேசில் ஆடும் என்பதற்கு ஒரு கதை. 2006-ல் டொமைனும் ஹோஸ்டிங்கும் விற்கும் அமெரிக்கக் கம்பெனியான கோடாடி, தன்னிடம் சும்மா கிடந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை லினக்ஸ் சர்வரிலிருந்து விண்டோஸ் சர்வருக்கு மாற்றியது. யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்கள்தான். ஆனாலும் உலகக் கணக்கில், லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் ஓடும் அப்பாச்சி என்ற மென்பொருளின் பங்கு சரிந்தது, மைக்ரோசாஃப்டின் பங்கு எகிறியது. வரைபடத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு உலகமே விண்டோஸுக்கு மாறுகிறது என்று தோன்றியிருக்கும்.

காசைக் கொண்டு அளக்கலாமே என்பீர்கள். அதிலும் சிக்கல் உண்டு. 2024-ல் கோடாடியின் வருமானம் ஏறக்குறைய 457 கோடி டாலர். அதே வருஷம் அமேசானின் கிளவுட் பிரிவுக்கு 10,700 கோடி டாலருக்கு மேல். இரண்டும் அடுத்தவருக்கு சர்வரை வாடகைக்கு விடும் வேலைதான். ஆனால் அமேசானிடம் வாடகைக்கு இருப்பவர்கள் உங்களைப் போலக் கடைக்காரர்கள் மட்டுமில்லை. வங்கியும் சினிமா ஓடும் தளங்களும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் ஒரு தொகை, கூட்டாவிட்டால் வேறு தொகை. சந்தை ஆய்வு அறிக்கை விற்பவர்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு இது பெரிய காரணம்.

நான் பார்ப்பது ஒரே ஒரு எண். இந்த வருஷம் எத்தனை பேர் ரினீவல் கட்டினார்கள்?

1990களில் ஜியோசிட்டீஸில் இலவசமாகப் பக்கம் வைத்திருந்தேன். இலவசமாகக் கொடுத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

பிழைக்கவில்லை, சார். நிறுவனத்தை விற்றவர்கள் பிழைத்தார்கள். 1994-ல் கலிபோர்னியாவில் டேவிட் போனட்டும் ஜான் ரெஸ்னரும் தொடங்கியதை 1999-ல் யாகூ சுமார் 360 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கியது. பத்து வருஷம் வைத்திருந்து 2009 அக்டோபரில் மூடிவிட்டது. உங்கள் பக்கமும் அதோடு போயிருக்கும்.

காசுக்கு விற்பது பரவலானதற்கு ஒரு சின்னத் தொழில்நுட்ப மாற்றம் உதவியது. முதலில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி, அதாவது இணையத்தில் தனி எண், தேவைப்பட்டது. பிறகு, ‘எனக்கு இன்ன தளம் வேண்டும்’ என்று பிரௌசரே பெயரைச் சொல்லிக் கேட்கும் முறை வந்தது. பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கான, 1997-ல் வெளியான எச்டிடிபி 1.1 விதிகள் அதைக் கட்டாயமாக்கின. ஒரே சர்வரில், ஒரே முகவரியில், நூற்றுக்கணக்கான தளங்களை அடைக்க முடிந்தது. மாதம் சில டாலருக்கு ஹோஸ்டிங் என்ற விலையே அதற்குப் பிறகுதான் கட்டுப்படியானது. கூடவே 1996-ல் சீபேனல் என்ற மென்பொருள் வந்தது. கட்டளை எதுவும் தெரியாதவர்கூட மெயில் ஐடி உருவாக்கவும் ஃபைல் ஏற்றவும் முடிந்தது. நானெல்லாம் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

‘அன்லிமிடெட்’ ஹோஸ்டிங் உண்மையிலேயே அளவில்லாததா?
*அச்சக உரிமையாளர், சிவகாசி*

கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை வைப்போம், பந்தியில் முந்நூறு இலைதான் போடுவோம். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். ஒரே சர்வரைப் பலருக்குப் பங்குபோடும் ஷேர்டு ஹோஸ்டிங் அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

டிஸ்க்கில் இடத்துக்கு அளவில்லை என்பார்கள். எத்தனை ஃபைல் வைக்கலாம், எவ்வளவு சிபியு தின்னலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பதில் போகும் என்பதற்கெல்லாம் உச்சவரம்பு இருக்கும். அது விளம்பரத்தில் வராது, நிபந்தனைகள் பக்கத்தில் இருக்கும். என் வாடிக்கையாளரான ஒரு முருகன் கோயிலின் தளம் வருஷம் முழுக்கச் சமர்த்தாக ஓடும். தைப்பூசத்தன்று காலையில் மட்டும் ‘508, வரம்பு எட்டப்பட்டது’ என்று திரையில் நிற்கும். இப்போதெல்லாம் தை பிறந்ததும் நானே அந்தத் தளத்தைப் பெரிய திட்டத்துக்கு மாற்றிவைத்து, மாசியில் திரும்ப இறக்கிவிடுகிறேன்.

டொமைன் 99 ரூபாய் என்று வாங்கினேன். இரண்டாம் வருஷம் 1,400 ரூபாய் பில் வந்திருக்கிறது. இது கொள்ளை இல்லையா?
*உப்பு வியாபாரி, தூத்துக்குடி*

கொள்ளை இல்லை அண்ணாச்சி, கணக்கு. டாட் காம் பெயர்கள் எல்லாவற்றுக்கும் மொத்த விற்பனையாளர் ஒரே ஆள்தான். வெரிசைன் என்ற அமெரிக்கக் கம்பெனி. 2024 செப்டம்பர் முதல் ஒரு பெயருக்கு வருஷத்துக்கு 10 டாலர் 26 சென்ட் வாங்குகிறது. நம்ம காசில் 800 ரூபாய்க்கு மேல். உங்களிடம் 99-க்கு விற்றவர் கைக்காசு போட்டுத்தான் விற்றிருக்கிறார். அதை எடுக்க அவருக்கு இரண்டாம் வருஷத்தை விட்டால் வழியில்லை. நீங்கள் பார்த்த பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும்.

ஹோஸ்டிங்கிலும் இதே சங்கதிதான். ‘மாதம் 69 ரூபாய்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். நான்கு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை என்பது பொடி எழுத்தில் இருக்கும். வாங்குமுன் ரினீவல் விலை என்ன என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் டொமைனை வேறு பதிவாளருக்கு, அதாவது பெயரைப் பதிவு செய்து விற்கும் வேறு கம்பெனிக்கு, மாற்றலாம். பதிவு செய்த முதல் 60 நாள் மட்டும் முடியாது. மாற்றும்போது கட்டும் காசுக்கு ஒரு வருஷக் காலமும் கூடும், வீணாகாது.

மூன்று கம்பெனி மாறிவிட்டேன். அதே மாதிரி தளம் படுக்கிறது, அதே மாதிரி பதில் வருகிறது. எல்லாரும் ஒரே பள்ளியில் படித்தவர்களா?
*பயண ஏற்பாட்டாளர், திருச்சி*

ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவர்களாக இருக்கலாம். சிரிப்புக்குச் சொல்லவில்லை.

ஹோஸ்ட்கேட்டர் என்ற ஹோஸ்டிங் கம்பெனி 2002-ல் ஃபுளோரிடாவில் பிரென்ட் ஆக்ஸ்லி என்ற கல்லூரி மாணவர் விடுதி அறையில் தொடங்கியது. புளூஹோஸ்ட் 2003-ல் யூட்டா மாநிலத்தில் மேட் ஹீட்டன் தொடங்கியது. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு ஊர், நேரடிப் போட்டி. என்ட்யூரன்ஸ் என்ற நிறுவனம் இரண்டையும் வாங்கியது. ஹோஸ்ட்கேட்டருக்கு மட்டும் 2012-ல் சுமார் 22.5 கோடி டாலர் கொடுத்தது. பெயர்ப் பலகையை மாற்றவில்லை, அதனால் வெளியே தெரியவில்லை. 2013 ஆகஸ்ட் 2 அன்று யூட்டாவின் புரோவோ நகரில், சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரு டேட்டா சென்டரில் கோளாறு. புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், ஜஸ்ட்ஹோஸ்ட், ஹோஸ்ட்மான்ஸ்டர் நான்கும் ஒரே நாளில் படுத்தன. ஒன்றை வெறுத்து இன்னொன்றுக்கு ஓடியவர்களுக்கு அன்றைக்குத்தான் உண்மை உறைத்தது.

அதே என்ட்யூரன்ஸ் 2014-ல் இந்தியாவுக்கும் வந்தது. மும்பையின் துராகியா சகோதரர்கள் நடத்திய டைரக்டி குழுமத்தின் பிக்ராக், ரீசெல்லர்கிளப் இரண்டையும் வாங்கியது. என்னைப் போன்ற சிறு வியாபாரிகளில் பலர் சரக்கெடுத்தது ரீசெல்லர்கிளப்பில்தான். ஆக, நாங்களும் தெரியாமல் அந்தக் குடையின் கீழ் வந்தோம். 2021-ல் கிளியர்லேக் என்ற முதலீட்டு நிறுவனம் என்ட்யூரன்ஸையே 300 கோடி டாலருக்கு வாங்கி, அதன் ஹோஸ்டிங் தொழிலை, சிரிஸ் என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனத்திடம் இருந்த வெப் டாட் காம் என்ற கம்பெனியோடு சேர்த்து, நியூஃபோல்ட் டிஜிட்டல் என்று பெயர் வைத்தது.

ஹோஸ்டிங் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் ‘வளர்ச்சி’ என்று பார்த்தால் இதையும் நினைவில் வையுங்கள். புதிதாக ஒரு கடைக்காரர்கூட இணையத்துக்கு வராமலே, ஒருவரின் வாடிக்கையாளர்களை இன்னொருவர் வாங்கியதில் வந்த வளர்ச்சி அதில் நிறைய இருக்கும். அடுத்த முறை கம்பெனி மாறுமுன் அதன் சொந்தக்காரர் யார் என்று தேடிவிட்டு மாறுங்கள்.

நானும் ஹோஸ்டிங் விற்கலாம் என்றிருக்கிறேன். முதல் எவ்வளவு வேண்டும்?
*பொறியியல் மாணவர், மதுரை*

முதல் சில ஆயிரம் போதும் தம்பி, பொறுமைதான் நிறைய வேண்டும். பெரிய கம்பெனியிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் ரீசெல்லர் கணக்கு எடுத்தால் நாளைக்கே கடை திறக்கலாம். ஆனால் விலையில் அவர்களோடு மோதாதே. அவர்கள் நஷ்டத்துக்கு விற்று நாலு வருஷம் காத்திருப்பார்கள், உன்னால் முடியாது. உன் செலவும் உன் கையில் இல்லை. சீபேனல் 2019-ல் ஒரு காரியம் செய்தது. ஒரு சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த கட்டணத்தை, உள்ளே எத்தனை கணக்கு என்று எண்ணி வாங்கத் தொடங்கியது. நெருக்கி அடைத்து லாபம் பார்த்தவர்களின் கணக்கெல்லாம் ஒரே அறிவிப்பில் தலைகீழானது.

வாடிக்கையாளர் உனக்குக் காசு கொடுப்பது நீ ஃபோனை எடுப்பாய் என்பதற்காக. எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி தளத்தைப் பற்றியே இருக்காது. ‘கொட்டேஷன் அனுப்பினேன், பார்ட்டிக்கு ஸ்பேமில் விழுந்துவிட்டது’ என்று வெட் கிரைண்டர் கம்பெனிக்காரர் ராத்திரி பத்தரைக்கு அழைப்பார். ஸ்பேமில் விழாமல் மெயில் போக என்னென்ன பதிவு, டொமைன்களின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் வேண்டும் என்பதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு வா. விற்பது தானாக நடக்கும்.

என் தளத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் பரவாயில்லையா?
*இனிப்பகம் நடத்துபவர், சென்னை*

வாசலில் டேட்டா சென்டரை வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 2002-ல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐடூஐ என்ற கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லி விநாடியாவது வேண்டும். அமெரிக்கா என்றால் 200-ஐத் தாண்டும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய்வர வேண்டும், அதனால் கைபேசியில் அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும்.

கடலடிக் கேபிள்கள் கரையேறுவதால்தான் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் முளைத்தன. அமேசான் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஐதராபாத்திலும் கடை விரித்தது. லினோட் என்ற ஹோஸ்டிங் கம்பெனியை 2022-ல் 90 கோடி டாலருக்கு வாங்கிய அமெரிக்க நிறுவனமான அகமாய், அடுத்த வருஷமே சென்னையில் இடம் போட்டது. இந்தியாவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். லட்டு ஆர்டர் சிகாகோ போய் வர வேண்டியதில்லை.

தளத்தின் பேக்கப்பை ஹோஸ்டிங் கம்பெனிக்காரர்களே எடுத்துவிடுவார்கள் அல்லவா?
*மருத்துவமனை மேலாளர், நாகர்கோவில்*

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்தது. 36 லட்சம் தளங்கள் நின்றதாக நெட்கிராஃப்ட் கணக்குச் சொன்னது. அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்த சிலருக்கு இரண்டும் சேர்ந்து போயின. மாதம் ஒரு பிரதியை உங்கள் அலுவலக ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வையுங்கள்.

எல்லாரும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வியாபாரம் பண்ணுகிறார்கள். இனி ஹோஸ்டிங் தொழில் எதற்கு?
*தையல் கலைஞர், திருப்பூர்*

கேள்வி நியாயமானதுதான் கண்ணு. 2022-ல் 16 கோடியைத் தாண்டிய டாட் காம் பெயர்கள் 2024 முடிவில் 15.6 கோடிக்கு இறங்கின. ஏறிக்கொண்டே போகும் என்று எல்லாரும் நம்பியிருந்த கோடு அது. ஆனால் கோடாடியைப் பாருங்கள். 2020-ல் வாடிக்கையாளர் 2 கோடிச் சொச்சம், வருமானம் 330 கோடி டாலர் போல. 2024-லும் வாடிக்கையாளர் அதே 2 கோடிச் சொச்சம்தான், வருமானமோ 457 கோடி. ஆள் கூடவில்லை, ஒவ்வொரு ஆளிடமும் வாங்கும் காசு கூடியிருக்கிறது. மெயிலுக்குத் தனி, பாதுகாப்புக்குத் தனி, கடைப்பக்கத்துக்குத் தனி. தொழில் சாகவில்லை. இருப்பவர்களிடமே மேலும் கறக்கிறது, அவ்வளவுதான்.

உங்களுக்கு இன்ஸ்டாகிராம் போதும் என்றால் போதும். ஒரு டொமைன் பெயரை மட்டும் வாங்கிப் போடுங்கள்.

எங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியவில்லை. வடிவமைத்துக் கொடுத்த தம்பி துபாய் போய்விட்டார்.
*பம்ப்செட் உற்பத்தியாளர், கோவை*

உங்களைப் போல மாதம் ஒருவராவது வருகிறார். டொமைன் எந்த ஜிமெயிலில் பதிவாகியிருக்கிறதோ, அந்த ஜிமெயில் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் நடைமுறையில் சொந்தக்காரர். ரினீவல் நினைவூட்டலும் அங்கேதான் போகும். உங்களுக்கு வராது. காலாவதியானால் டாட் காம் உடனே போய்விடாது. பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையில் புதுப்பிக்கலாம். அதன் பிறகு 30 நாள், மீட்புக் கட்டணத்தோடு. அப்புறம் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பழைய பெயர்களுக்காகக் காத்திருந்து பிடிப்பவர்கள் தனித் தொழிலாகவே இருக்கிறார்கள்.

அந்தத் தம்பியை இந்த வாரமே ஃபோனில் பிடியுங்கள். கம்பெனி மெயில் ஐடியைப் பதிவில் மாற்றச் சொல்லுங்கள், ஆனால் அந்த ஐடி இதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் படுத்தால் மெயிலும் சேர்ந்து படுக்கும். பதிவாளர் தளத்தின் கடவுச்சொல்லை உங்கள் கணக்காளரிடம் கொடுத்து வையுங்கள். அவர் துபாய் போனாலும் போவார், ஆகவே இன்னொரு பிரதி வீட்டில்.