பிறர் தோலை உடல் ஏன் ஏற்பதில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உறுப்பு மாற்று ஆய்வுக்கு அடித்தளம் இட்டவர் என்று பீட்டர் மெடவாரைக் குறிப்பிடுகிறார்கள். அவர் அறுவைச் சிகிச்சை நிபுணரா?

பதில்: அல்லர், அவர் விலங்கியலாளர். லெபனான் வழித் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1915-இல் பிரேசிலில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியல் படித்தவர். அவரை இத்துறைக்குக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். உடலின் பெரும்பகுதி வெந்த நிலையில் வந்த விமானப் படையினருக்குப் புண்ணை மூடும் அளவுக்குச் சொந்தத் தோல் மிஞ்சவில்லை. பிறரின் தோலை ஒட்டினாலோ, அது முதலில் பிடித்துக்கொண்டதுபோல் தோன்றி, சில நாள்களிலேயே அழிந்துபோனது. இப்படி நேரும் என்பது மருத்துவர்கள் முன்பே கண்டதுதான். ஏன் நேர்கிறது என்பதே தெளிவாகாமல் இருந்தது.

கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சன் என்ற மருத்துவருடன் சேர்ந்து, தீக்காயமடைந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை இரு முறை ஒட்டி மெடவார் கவனித்தார். இரண்டாம் முறை ஒட்டிய தோல் முதல் முறையைவிட விரைவாக அழிந்தது. உடல் முதல் ஒட்டை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு, அதை நினைவில் வைத்திருந்து, மறுமுறை இன்னும் வேகமாகத் தாக்குகிறது என்றால், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் அதே ஆற்றல்தான் இங்கும் வேலை செய்கிறது என்று பொருள். 1943-இல் இருவரும் இதை வெளியிட்டனர். பின்னர் மெடவார் முயல்களில் விரிவாகச் சோதித்து உறுதிசெய்தார்.

கேள்வி: மாடுகளில் செய்த சோதனைதான் அவருக்குத் திருப்புமுனை என்கிறார்களே, எப்படி?

பதில்: 1948-இல் ஸ்டாக்ஹோம் மாநாடு ஒன்றில், கால்நடை ஆய்வாளர் ஹக் டொனால்ட், இரட்டைக் கன்றுகள் ஒரே கருவிலிருந்து பிறந்தவையா, வெவ்வேறு கருக்களிலிருந்து பிறந்தவையா என்று கண்டறிய வழி கேட்டார். ஒன்றின் தோலை மற்றதில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒரு கரு இரட்டையராயின் ஒட்டு நிலைக்கும், இல்லையேல் அழியும் என்று மெடவார் உறுதியாகச் சொன்னார். ரூபர்ட் பில்லிங்ஹாமுடன் அவர் செய்து பார்த்தபோது, காளைக்கன்றும் பசுங்கன்றுமாகப் பிறந்த, ஒரே கருவினவாக இருக்கவே முடியாத இரட்டையர்கூட ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன. டொனால்டுக்கு இந்த முறை பயன்படவில்லை. மெடவாருக்கோ, தாம் நிறுவிய விதிக்கே விலக்கு ஒன்று கண்முன் நின்றது.

விளக்கம் அமெரிக்காவில் ரே ஓவன் 1945-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தது: கருப்பையில் இரட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடி நாளங்கள் இணைந்து இரத்தம் கலப்பதால், ஒன்றின் இரத்த அணுக்கள் மற்றொன்றில் நெடுநாள் வாழ்கின்றன. பிறப்பதற்கு முன் சந்தித்த அணுக்களை உடல் தன்னுடையவையாகவே கருதும் என்று ஆஸ்திரேலியாவின் மேக்ஃபார்லேன் பர்னெட் 1949-இல் கருத்துரைத்திருந்தார். இயற்கை மாடுகளில் செய்வதை ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியுமா என்பதே மெடவாரின் அடுத்த கேள்வியாயிற்று. பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் ஆகியோருடன் அவர், ஓரினச் சுண்டெலியின் கருவிலிருந்த குட்டிகளுக்குள் வேறோர் இனச் சுண்டெலியின் அணுக்களைச் செலுத்தினார். பிறந்து எட்டு வாரம் ஆனபின், அணுக்கள் தந்த இனத்தின் தோலை ஒட்டியபோது, முதலில் விவரிக்கப்பட்ட ஐந்து குட்டிகளில் மூன்று அதை ஏற்றுக்கொண்டன. 1953 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தச் சில பக்கக் கட்டுரை, அதுவரை கடக்கவே இயலாதது என்று பலரும் கருதிய தடையைக் கடக்கலாம் என்று காட்டியது. அவருடைய வாழ்நாள் ஆய்வில் இதையே நான் தலையாயதாக மதிக்கிறேன்.

கேள்வி: உடன் உழைத்தவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்ததா?

பதில்: 1960-ஆம் ஆண்டுப் பரிசு மெடவாருக்கும் பர்னெட்டுக்கும் வழங்கப்பட்டது. பில்லிங்ஹாமும், யூதச் சிறுவனாக 1938-இல் ஜெர்மனியிலிருந்து காப்பாற்றப்பட்டு இங்கிலாந்து வந்து மெடவாரிடம் ஆய்வு மாணவரான பிரெண்டும் பட்டியலில் இல்லை. தம் பரிசுத் தொகையில் ஒரு பகுதியை மெடவார் இருவருக்கும் பகிர்ந்தளித்தார். 1969-இல் பக்கவாதம் தாக்கிய பின்னும் ஆய்வைத் தொடர்ந்து, 1987-இல் காலமானார்.

கேள்வி: அப்படியானால், சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் இன்றும் ஏன் வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது?

பதில்: எந்தக் குழந்தைக்குப் பிற்காலத்தில் யாருடைய உறுப்பு தேவைப்படும் என்று கருப்பையிலேயே அறிய வழியில்லை, வளர்ந்தவரின் எதிர்ப்பாற்றலோ முதிர்ந்துவிட்டது. பாஸ்டனில் ஜோசப் மர்ரே 1954-இல் செய்த சிறுநீரக மாற்று வென்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரு கரு இரட்டையர் என்பதே. மற்றவர்களுக்கு, 1960-களில் அசாதயோபிரின், பின்னர் சைக்ளோஸ்போரின் எனத் தொடர்ந்து வந்த, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளே வழி திறந்தன. சிறுநீரகத்தோடு கொடையாளரின் எலும்பு மஜ்ஜையையும் செலுத்தி, மெடவார் சுண்டெலியில் கண்ட ஏற்புநிலையை மனிதரில் உண்டாக்கும் முயற்சியில், சில நோயாளிகள் மருந்தையே நிறுத்த முடிந்திருக்கிறது. ஆனால் அது தேர்ந்தெடுத்த சிலரிடம், நெருங்கிய கண்காணிப்பில் நடக்கும் ஆய்வு. வழக்கமான சிகிச்சை பெறுபவர் எவ்வளவு நலமாக உணர்ந்தாலும், மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது.