அவன் ‘சரி’ என்று சொல்லும்வரை எஃப்8

அன்புள்ள மேடம்,

எனக்கு 32 வயது. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம், சிரிக்காமல் படியுங்கள்.

2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ வீடியோ கேமை மூன்று முறை முடித்துவிட்டேன். நான்காவது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லா ஆட்டத்திலும், கூட வரும் கூட்டாளிகளில் ஒருவனான அஸ்டாரியனோடுதான் ரொமான்ஸ். அவன் ஒரு வேம்பயர் ஸ்பான், அதாவது எஜமானின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட அடிமைக் காட்டேரி. கஸடோர் என்பவனிடம் இருநூறு வருடம் மாட்டிக்கொண்டு, எலி ரத்தம் குடித்து, ஊரில் ஆட்களை மயக்கி மாளிகைக்கு அழைத்துப்போவதே பிழைப்பாக இருந்தவன்.

மூன்றாம் ஆக்டில் அந்த மாளிகையில் கதை இரண்டாகப் பிரியும். ஏழாயிரம் ஸ்பான்களின் ஆன்மாவை மெஃபிஸ்டோஃபிலிஸ் என்ற நரகப் பிசாசுக்குப் பலி கொடுக்கும் சடங்கை முடிக்க நாம் உதவினால், அவன் ‘அசெண்டட்’, அதாவது யாருக்கும் அடங்காத முழுக் காட்டேரி ஆவான். வெயிலில் நடக்கலாம், பசி அடங்கும். ஆனால் நம் கேரக்டரைத் தன் ஸ்பானாக மாற்றப் பார்ப்பான். மறுத்தால் உறவு அதோடு முடிந்தது. சடங்கைத் தடுத்தால், கஸடோரைக் குத்திக் கொன்றுவிட்டு உட்கார்ந்து அழுவான். ஸ்பானாகவே இருப்பான். கடைசிச் சண்டை முடிந்து, அதுவரை அவனை வெயிலிலிருந்து காத்த, மூளையில் இருந்த புழு செத்ததும் வெயில் அவனைச் சுட ஆரம்பிக்கும். துறைமுகத்தில் எல்லோரும் நிற்க, அவன் மட்டும் நிழலைத் தேடி ஓடுவான்.

என் கல்லூரித் தோழி ஒவ்வொரு முறையும் அவனை அசெண்டட் ஆக்குகிறாள். நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. “அது அப்யூஸ், அது எப்படி உனக்குப் பிடிக்கிறது?” என்று கேட்டேன். நான் கேட்டதில் என்ன தப்பு? “நீதான் அவனை இருட்டிலேயே உட்கார வைக்கிறாய்” என்றாள். இருட்டிலா? நான் அவனைக் காப்பாற்றுகிறேன் மேடம். கஸடோர் தன் ஸ்பான்களுக்குப் போட்ட நான்கு கட்டளைகளில் கடைசி, ‘நீ என் உடைமை என்று அறிந்துகொள்’ என்பது. அசெண்டட் ஆனவன் அதையேதான் செய்கிறான். இது அவளுக்கு ஏன் தெரியவில்லை? இரண்டு மாதமாக என் மெசேஜைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நல்ல முடிவு சும்மா வருவதில்லை என்பதும் அவளுக்குப் புரியவில்லை. பெர்சுவேஷன், அதாவது பேசி இணங்க வைக்கும் டைஸில் ஜெயிக்க வேண்டும். கைடன்ஸ் மந்திரம் போட்டு, டைஸை மறுபடி உருட்டக் கையிலிருந்த நான்கு இன்ஸ்பிரேஷனையும் தீர்த்து, அப்படியும் போன தடவை ஆறு முறை எஃப்8 அழுத்தி மறுபடி லோடு பண்ணித்தான் அவனைச் சம்மதிக்க வைத்தேன். (அன்று பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், “என்கிட்டயும் இப்படித்தானே” என்று சிரித்துவிட்டுப் போனார். அவரை அவருடைய மாமா கடையிலிருந்து வெளியே கொண்டுவந்தது நான்தான். பத்து வருடம் சம்பளமே இல்லாமல் அங்கே உழைத்தவர். இன்று நல்ல வேலை, சொந்த ஃபிளாட். எதைக் கேட்டாலும் ‘சரி’ என்பார், எங்களுக்குள் சண்டையே கிடையாது. அது இருக்கட்டும்.) நான் இவ்வளவு பாடுபட்டு எடுத்த முடிவை அவள் ‘சோக எண்டிங்’ என்கிறாள். கஷ்டமாக இருக்கிறது.

என் கேள்வி இதுதான்: இரண்டு முடிவுகளில் எது ஆரோக்கியமான உறவு? உளவியல் ரீதியாகத் தெளிவாகச் சொல்லுங்கள். அவளுக்கு அனுப்ப வேண்டும்.

— ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏட்டுக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. அந்த உலகத்தின் விதிப்படி, எஜமானின் ரத்தத்தைக் குடிக்கக் கிடைத்தால்தான் ஸ்பான் முழுக் காட்டேரி ஆக முடியும். கஸடோர் அதை அஸ்டாரியனுக்கு இருநூறு வருடமும் கொடுக்கவில்லை. அசெண்டட் ஆன அஸ்டாரியனும் உங்கள் கேரக்டரைக் கடித்துத் தன் ஸ்பானாகத்தான் மாற்றுகிறான். தான் மாட்டியிருந்த அதே கயிற்றில் காதலியைக் கட்டுகிறான். அதை ஆரோக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் தோழியும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அவர் அதை ரசிக்கிறார், அவ்வளவுதான். பயமும் கவர்ச்சியும் கலந்த ஒன்றை, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகக்கூடிய நாற்காலியில் உட்கார்ந்து ரசிப்பது நோயின் அறிகுறி கிடையாது. தான் என்ன தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார். துறைமுகக் காட்சி ஒன்றை வைத்து அவர் உங்கள் முடிவைச் சோகம் என்றால், 2023 நவம்பர் இறுதியில் வந்த ஐந்தாவது பேட்ச் (கேமின் அப்டேட்) சேர்த்த, ஆறு மாதம் கழித்து நடக்கும் விருந்தை நினைவுபடுத்தலாம். அங்கே ஸ்பான் அஸ்டாரியன் நன்றாகவே இருக்கிறான். ஆனால் அவன் வெயிலை இழந்தான் என்று அவர் சொல்வதும் பொய் இல்லையே. அதை ஒருமுறை காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

கேமைப் பற்றிய பதில் இவ்வளவுதான். ‘அது இருக்கட்டும்’ என்று எழுதி அடைப்புக்குறியை மூடினீர்களே, நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் முடிவை ஆரோக்கியமானதாக ஆக்கும் காட்சி கஸடோரின் மாளிகையில் நடப்பதில்லை. அதற்கு வெகு முன்னால், இரண்டாம் ஆக்டில், மூன்ரைஸ் கோபுரத்தில் நடந்துவிடுகிறது. அராஜ் ஓப்லோட்ரா என்ற ரத்த வியாபாரி அஸ்டாரியன் தன்னைக் கடிக்க வேண்டும் என்கிறாள். கடித்தால் வலிமையை நிரந்தரமாக இரண்டு புள்ளி கூட்டும் மருந்து ஒன்று தருவாள். ஒரு ஆட்டத்தில் அப்படிப்பட்ட பொருள் லேசில் கிடைக்காது. அவனுக்கு அவள்மேல் அருவருப்பு. முடியாது என்கிறான். நீங்கள் அழுத்தினால் கடிக்கவும் செய்வான். உன் இஷ்டம் என்று விட்டால் மருந்து போய்விடும். அவன் ‘முடியாது’ என்றதற்கு இரண்டு புள்ளி விலை கொடுக்க நீங்கள் தயாரா என்று கேம் கேட்கிறது.

விலை கொடுத்தால் என்ன கிடைக்கிறது? உண்மை கிடைக்கிறது. அதுவரை உங்களோடு கொஞ்சியதெல்லாம் ஒரு திட்டம், நீங்கள் அவனைக் கைவிடாமல் இருக்கப் போட்ட கணக்கு என்று அவனே ஒப்புக்கொள்வான். படுக்கையைப் பகிராமலும் கூட இருக்கலாம் என்று அங்கே நீங்கள் சொல்ல முடியும். அணைத்துக்கொள்ளவும் முடியும். அவனுக்குக் குரலும் உடலும் கொடுத்த நீல் நியூபனுக்கு அந்த வருடம் கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது. அந்த அணைப்பில் ஒரு கணம் விறைத்து நிற்கிறானே, அதைப் பார்த்தால் காரணம் தெரியும்.

முதல் ஆக்டை இப்போது திரும்பிப் பாருங்கள். கூட்டாளிகளில் தானாக வலிய வந்து கொஞ்சுகிறவன் அஸ்டாரியன். மறுப்போ தயக்கமோ எதுவும் இல்லை. அந்தச் ‘சரி’ இருநூறு வருடப் பழக்கத்தில் வந்த சரி. கேட்டவுடன் வரும், சிரித்த முகத்தோடு வரும், அதில் அவன் இருக்கமாட்டான்.

சம்பளமில்லாமல் பத்து வருடம் மாமா கடையில் நின்ற ஒருவர் அங்கே எதைக் கற்றிருப்பார்? ‘சரி மாமா’ என்றால் பேச்சு சீக்கிரம் முடியும் என்பதைக் கற்றிருப்பார். அந்த வார்த்தையை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார் என்று நீங்கள் நம்புகிறீர்கள். உங்கள் வீட்டுக்கும் கையோடு எடுத்து வந்திருக்கலாம். நீங்கள் கஸடோர் என்று நான் சொல்லவரவில்லை. மாமா எடுத்துக்கொண்டார், நீங்கள் கொடுத்தீர்கள். ஆனாலும் ‘வெளியே கொண்டுவந்தது நான்தான்’ என்ற வாக்கியத்தில் வேலை செய்கிறவர் நீங்கள் மட்டுமே. வெளியே நடந்து வந்த கால்கள் அவருடையவை. மாளிகையிலும் கத்தி அஸ்டாரியன் கையில்தான் இருக்கிறது.

ஸ்டீஃபன் கார்ப்மன் என்ற மனநல மருத்துவர் 1968-இல், சிக்கலான உறவுகளில் ஆட்கள் மூன்று வேடங்களில் மாறி மாறி நிற்பதை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார்: துன்புறுத்துகிறவர், பாதிக்கப்பட்டவர், காப்பாற்றுகிறவர். மூன்றில் காப்பாற்றுகிறவர் வேடம்தான் பார்க்க அழகாக இருக்கும், அதனால் கழற்றவும் மனம் வராது. காப்பாற்றப்பட்டவர் நன்றியோடு இருக்கும்வரை எல்லாம் சுகம். அவர் ஒரு விஷயத்தில் முரண்டு பிடித்தால் ‘உனக்காக எவ்வளவு செய்தேன்’ என்று வரும். தோழியிடம் உங்களுக்கு வந்த கோபத்திலும் இதன் சாயல் தெரிகிறது. ‘இவ்வளவு பாடுபட்டு எடுத்த முடிவு’ என்று எழுதியிருக்கிறீர்கள், முடிவு அஸ்டாரியனுடையது.

மாளிகையில் நீங்கள் ஆறு முறை லோடு செய்ததை நான் குறைசொல்ல மாட்டேன். அங்கே ஏழாயிரம் உயிர் பணயம், யாராக இருந்தாலும் தடுக்கத்தான் வேண்டும். ஃபிளாட் வாங்கும்போது அப்படி யார் உயிரும் பணயத்தில் இல்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. எஃப்8 அழுத்தியதும் அஸ்டாரியனுக்கு முந்தைய மறுப்புகள் மறந்துபோகும். உங்கள் கணவருக்கு அத்தனையும் ஞாபகம் இருக்கும். முதல் முறை தயங்கினார், மறுநாள் வேறு வார்த்தையில் கேட்டீர்கள், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள், பிறகு உங்கள் அம்மாவை விட்டுக் கேட்க வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வந்த ‘சரி’ மட்டும் உங்கள் சேவ் ஃபைலில் இருக்கிறது. மற்றதெல்லாம் அவருடையதில் இருக்கிறது.

‘சண்டையே கிடையாது’ என்பதைப் பெருமையாகத்தான் எழுத ஆரம்பித்தீர்கள். தேங்காய்ச் சட்னியில் பூண்டு போடலாமா என்பதிலேயே இருவர் ஒத்துப்போகாத உலகம் இது. நான்கு வருடத்தில் ஒரு சண்டைகூட இல்லையென்றால், சண்டை போட ஒருவர் வரவில்லை என்று அர்த்தம். அன்று பின்னால் நின்று சிரித்தாரே, ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் ‘முடியாது’ அதுவாக இருக்கலாம். சிரிப்பு வேடம் போட்டு வந்திருக்கிறது. உங்களுக்கும் அது உறுத்தியிருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு கேமைப் பற்றிய கடிதத்துக்குள் நுழைந்திருக்காது.

ஒன்று செய்து பாருங்கள். அவர் மறுத்தால் உங்களுக்கு உண்மையிலேயே நஷ்டமாகக்கூடிய ஒரு விஷயத்தை எடுங்கள். ராத்திரி என்ன டிபன் என்பது போதாது. பண்டிகைக்கு யார் வீட்டுக்குப் போவது போன்ற ஒன்று வேண்டும். கேட்டுவிட்டு, “இப்ப சொல்ல வேண்டாம், நாளைக்கு ராத்திரி சொல்லுங்க” என்று எழுந்து போய்விடுங்கள். உடனே பதில் கேட்டால் பழக்கம்தான் பதில் சொல்லும். “உனக்கு எது வசதி?” என்று திருப்பிக் கேட்பார். “நான் அப்புறம் சொல்றேன், முதல்ல நீங்க” என்பதோடு நிறுத்துங்கள். மறுத்தால் ஏன் என்று கேட்காதீர்கள், ஒரு வாரத்துக்கு அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பெருமூச்சு, ‘உங்க இஷ்டம்’ என்று இழுப்பது, இரண்டு நாள் மௌனம், மூன்றும் எஃப்8-இன் வேறு பெயர்கள்.

முதல் சில தடவை மறுபடியும் ‘சரி’தான் வரும். “உங்களுக்குன்னு ஒரு அபிப்பிராயமே கிடையாதா?” என்று பாய்ந்துவிடாதீர்கள், அதுவும் ஒரு உத்தரவுதான். நிஜமான மறுப்பு வரும்போது அழகாக வராது. சம்பந்தமில்லாத ஒன்றில், எரிச்சலோடு வரும். ஒருவேளை அந்தக் கடையில் தனக்குப் பிடித்த விஷயங்களும் இருந்தன என்று சொல்வார். நாலு மணி டீ, பெயர் சொல்லிக் கூப்பிடும் வாடிக்கையாளர்கள், இப்படி ஏதாவது. அதைக் கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். திருத்தாமல் கேளுங்கள். தூக்கம், சாப்பாடு, ஆட்களோடு பேசுவது எல்லாம் குறைந்துகொண்டே போகிறவராக இருந்தால் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. யாரை, எப்போது என்பதை அவர் முடிவு செய்யட்டும், நீங்கள் அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிவிட்டு வந்து சொல்லாதீர்கள்.

இந்தப் பதிலைத் தோழிக்கு அனுப்ப வேண்டாம். ‘அப்யூஸ்’ என்று சொன்னதற்கு ஒரு வரி மன்னிப்பு கேட்டு, ஆட்டம் எந்த ஆக்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். திறந்து பார்க்காவிட்டால் அவர் இஷ்டம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மூன்று முறை முடித்திருக்கிறீர்கள், கஸடோரின் கட்டளைகள்வரை எழுதியிருக்கிறீர்கள், அராஜ் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த மருந்தை வாங்கினீர்களா?