டெனர் பாடும் தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் இங்கிலாந்தின் கிளாஸ்டருக்கு வேலைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வாடகை, குளிருக்கு வேண்டிய துணி, நாகர்கோவிலில் டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடிய உங்களுக்கு இங்கே ஆங்கிலப் பாடகர் குழுவில் இடம் கிடைக்குமா என்று மூன்று கேள்விகள். வாடகையை உங்களோடு வேலை பார்க்கப் போகிறவர்களிடம் கேளுங்கள். குளிருக்கான கோட்டு ஊரில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் பாளையங்கோட்டையிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். இரண்டாம் வாரமே பக்கத்துக் கோவிலின் பயிற்சிக்குப் போனேன். ஊரில் ஒன்பது வருடம் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடியவள் என்ற தைரியம். "ஸ்டான்ஃபோர்ட் இன் ஜி", அதாவது ஸ்டான்ஃபோர்ட் என்ற இசையமைப்பாளர் ஜி சுருதியில் எழுதியது, என்று ஆர்கன் வாசிப்பவர் சொன்னதும் எல்லோரும் பக்கத்தைத் திருப்பினார்கள். என் கையில் இருந்த தாளில் ஐந்து கோடும் புள்ளிகளும்தான் இருந்தன. சுரங்களை எழுத்தால் குறிக்கும் நம் சோல்ஃபாவில் ஓர் எழுத்துகூட இல்லை. ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் நின்றுவிட்டு, பஸ் நிறுத்தத்தில் அழுதேன்.

அதனால் முதல் எச்சரிக்கை: வருவதற்குள் அந்த ஐந்து கோட்டு முறையை, ஸ்டாஃப் நொட்டேஷனை, படித்துவிடுங்கள். இங்கே ஒரு பாட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு ஆராதனையில் பாடிவிடுவார்கள், நம் ஊர்போல் ஒரு மாதப் பயிற்சி கிடையாது. சோல்ஃபாவை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். இந்த நாட்டின் நார்விச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கி, ஜான் கர்வன் பரப்பிய முறை அது. பிறந்த நாட்டில் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள், நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம். அது பழக்கிய காதால்தான் ஆறே மாதத்தில் என்னால் மற்றவர்களோடு நிற்க முடிந்தது.

இரண்டாவது: பேராலயத்தின் பாடகர் குழுவில் நேரே போய்ச் சேர முடியாது. அங்கே பாடும் பெரியவர்கள் சம்பளத்துக்குப் பாடுகிறவர்கள். சாதாரணக் கோவிலில் சேருங்கள். பள்ளி விடுமுறையில் பேராலயத்துக் குழு ஓய்வெடுக்கும்போது வெளிக் குழுக்களைப் பாட அழைப்பார்கள், அப்போது அந்தத் தூண்களுக்கு நடுவே நீங்களும் நிற்பீர்கள். மூன்றாவது, பைபிளின் சங்கீதப் புத்தகம். பழைய ஜெபப்புத்தக முறைப்படி 150 சங்கீதங்களையும் முப்பது நாளில் பாடி முடிப்பார்கள். பதினைந்தாம் நாள் மாலைக்கு எழுபத்தெட்டாம் சங்கீதம், எழுபதுக்கும் மேற்பட்ட வசனங்கள்! எந்த அசையில் சுரம் மாறும் என்பதை முன்கூட்டிக் குறித்துக்கொள்ளாதவன் அங்கே தப்பவே முடியாது.

நம் ஆட்கள் சிலர் உங்களிடம், "அவர்கள் ஆராதனையில் உயிரே இல்லை" என்பார்கள். கேட்காதீர்கள். அவர்களில் பலர் ஒரு வார நாள் மாலை ஆராதனையில்கூடப் போய் உட்கார்ந்தது கிடையாது. இருபது வருடமாக நம் மக்களோடு மட்டுமே பாடி, நம் மக்களோடு மட்டுமே சாப்பிட்டு, இந்த நாட்டைக் குறை சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மாலை ஆராதனையின் நடுவில் இருப்பவை நாம் சிறு வயதிலிருந்து சொன்ன அதே பாட்டுகள்தான்: இயேசுவின் தாய் மரியாளின் பாட்டும், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோனின் பாட்டும். 1549இல் கேண்டர்பரி பேராயர் கிரான்மர் பழைய இரண்டு ஆராதனைகளை ஒன்றாக்கியதால் இரண்டு பாட்டும் ஒரே மாலைக்கு வந்து சேர்ந்தன. அதனால்தான் இசையமைப்பாளர்கள் இரண்டையும் ஜோடியாக எழுதினார்கள், சுருதியின் பெயரிலேயே அழைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டும் டப்ளினில் பிறந்து பதினெட்டு வயதில் கேம்பிரிட்ஜுக்கு வந்தவர். அவருடைய ஜி சுருதி அமைப்பில் மரியாள் இராட்டை சுற்றும் சின்னப் பெண் என்பார்கள். ஆர்கன் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்க, அதன்மேல் ஒரு பிள்ளையின் குரல் தனியே ஏறும். சிமியோனை மட்டும் ஆண்களின் தாழ்ந்த பேஸ் குரலுக்குக் கொடுத்துவிட்டார்.

உங்களுக்கான சிமியோனை எழுதியவர் அவருடைய மாணவர் ஹெர்பர்ட் ஹவல்ஸ். கிளாஸ்டர் பக்கத்து லிட்னியில் பிறந்தவர், கிளாஸ்டர் பேராலயத்தில் பயின்றவர். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்காக 1945இல் அவர் எழுதிய அமைப்பில் சிமியோனின் பாட்டு டெனருக்கு. மரியாளின் பாட்டில் "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி" என்ற இடத்தில்கூட முரட்டுத்தனம் கூடாது, இது ஒரு பெண்ணின் பாட்டு என்பது அவர் எண்ணம். மறு வருடம் கிளாஸ்டருக்கென்றே தனியாக ஒன்று எழுதினார். அவருடைய ஒன்பது வயது மகன் மைக்கேல் 1935இல் போலியோவில் இறந்துபோனான். கிளாஸ்டருக்கு அருகே ட்விக்வர்த்தில்தான் அந்தப் பிள்ளையின் கல்லறை இருக்கிறது.

என் அம்மா தவறிய செய்தி வந்த அன்று எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இரவு வேலை முடித்த உடையிலேயே பேராலயத்துக்குப் போய் மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்திருந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்காது. அன்று பாடியது ஹவல்ஸ். ஆங்கிலத்தில்தான் பாடினார்கள், என் காதில் அம்மாவின் குரலில், "ஆண்டவரே, உமது வார்த்தையின்படி உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்" என்று விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்கு ஏற்றியபடியே அம்மா புத்தகம் பார்க்காமல் சொல்லும் வரி அது.

பயிற்சிக்குப் போகும்போது பென்சில் எடுத்துப்போங்கள். பேனாவால் தாளில் எழுதவிட மாட்டார்கள். அந்த டெனர் வரிகள் நீளமானவை, எங்கே மூச்சு எடுப்பது என்பதை முதல் நாளே குறித்துவிடுங்கள்.