பழைய கார் ஆல்டர்னேட்டரையும் சீலிங் ஃபேன் இறக்கைகளையும் கொண்டு மொட்டை மாடியில் காற்றாலை அமைக்கலாமா?

மாருதி காரிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் மின்னாக்கி) ஒன்றும் சீலிங் ஃபேன் இறக்கைகள் மூன்றும் கையில் இருக்கின்றன, இவற்றை வைத்து மொட்டை மாடியில் காற்றாலை கட்டி மின்கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம், அது சுழலவும் செய்யும். ஆனால் ஆல்டர்னேட்டர், ஃபேன் இறக்கை, மொட்டை மாடி ஆகிய மூன்றுமே இந்த வேலைக்குப் பொருந்தாதவை. திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் காயலான் கடைச் சாமான்களைக் கொண்டு நான் கட்டிய காற்றாலை மூன்றாவது முயற்சியில்தான் உருப்படியானது. முதல் முயற்சி உங்கள் யோசனையேதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது சுமந்து வரும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. என் காற்றாலையின் இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 1.8 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 2.5 சதுர மீட்டர். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசையும் அளவுக்கு, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அந்த வட்டத்தின் வழியே கொண்டு செல்வது 190 வாட் அளவுதான். அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். கையால் அறுத்த இறக்கை, பழைய மோட்டார், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு, நீண்ட கம்பி என வழியில் உள்ளவை எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு பேட்டரிக்கு வந்து சேர்வது கால் பங்கு, அதாவது 48 வாட். காற்று 3 மீட்டராகக் குறைந்தால் இதே அமைப்பு 10 வாட்தான் தரும்.

இந்த 48 வாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஆல்டர்னேட்டருக்கு வாருங்கள். அதில் நிலையான காந்தம் கிடையாது. உள்ளே இருக்கும் சுருளுக்குப் பேட்டரியிலிருந்து 2, 3 ஆம்பியர் கொடுத்தால்தான் காந்தப்புலமே உண்டாகும். அதற்கே 25 முதல் 40 வாட் வரை போய்விடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் வேகம். காரில் என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டின் புண்ணியத்தில் ஆல்டர்னேட்டர் நிமிடத்திற்கு 2,000 சுற்றுகளை எட்டிவிடும். 1,000 சுற்றுகளுக்குக் கீழே அதனிடமிருந்து ஒன்றும் எதிர்பார்க்க முடியாது. என் இறக்கைகளோ 5 மீட்டர் காற்றில் நிமிடத்திற்கு 265 சுற்றுகள்தான் சுற்றுகின்றன. பெல்ட்டும் புல்லியும் போட்டு வேகத்தைக் கூட்டலாமே என்று நானும் போட்டேன். இளங்காற்றில் பெல்ட்டின் இறுக்கத்தையே இறக்கைகளால் வெல்ல முடியவில்லை. மலாவி நாட்டில் 14 வயதில் காற்றாலை கட்டிய வில்லியம் கம்குவாம்பா, இறக்கைகளின் சுழற்சியைச் சைக்கிள் சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய், அந்தச் சக்கரத்தில் உரசும் சிறு டைனமோவைச் சுழற்றினார். பெரிய சக்கரம் ஒரு சுற்றுப் போவதற்குள் டைனமோவின் உருளை பல சுற்றுப் போய்விடும். டைனமோவில் நிலையான காந்தம் இருக்கிறது, அது கேட்கும் விசையும் சிறியது, ஏற்றப்பட்ட சுமையும் பல்பும் ரேடியோவும்தான் என்பதால் அங்கே அது பலித்தது.

எனக்குக் கைகொடுத்தது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே அமைந்த மோட்டார். சாலையில் ஓடாமல் நின்றுபோன 48 வோல்ட், 250 வாட் வண்டி ஒன்றின் பின்சக்கரத்தைக் காயலான் கடையில் எடை போட்டு வாங்கினேன். காந்தங்கள் வெளிக்கூட்டின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருப்பதால், அந்தக் கூட்டின் மேலேயே இறக்கைகளைப் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். பெல்ட்டும் வேண்டாம், பல்சக்கரமும் வேண்டாம். உள்ளிருந்து வரும் மூன்று தடித்த கம்பிகளை ஆறு டயோடு கொண்ட பிரிட்ஜில் கொடுத்தால் நேர்மின்சாரம் கிடைக்கும்.

இங்கேதான் நான் இரண்டு மாதத்தைத் தொலைத்தேன். 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தபோது, நிமிடத்திற்கு 110 சுற்றுகளிலேயே மின்சாரம் வரத் தொடங்கியதைப் பார்த்துப் பூரித்துப்போனேன். ஆனால் காற்று எவ்வளவு கூடினாலும் அம்மீட்டர் முள் 2 ஆம்பியரைத் தாண்டி நகர மறுத்தது, இறக்கைகளும் ஏதோ சேற்றில் சுற்றுவதுபோலச் சோம்பலாகவே சுற்றின. பேட்டரி தன் மின்னழுத்தத்தை 13 வோல்ட்டுக்கு அருகிலேயே பிடித்து வைத்துக்கொள்வதால் மோட்டாரின் வேகமும் அதற்கேற்ப அடங்கிவிடுகிறது. காற்றுக்கு ஏற்ற வேகத்தில் சுற்ற முடியாத இறக்கை காற்றை வழுக்கவிட்டுத் திணறுகிறது என்பது பிறகுதான் விளங்கியது. இன்னொரு பழைய பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கினேன். மின்சாரம் வரத் தொடங்கக் கொஞ்சம் கூடுதல் காற்று தேவைப்பட்டது. ஆனால் அன்று மாலையே முள் 6 ஆம்பியரைத் தொட்டது. ஆகவே எந்த மோட்டார் கிடைத்தாலும், அதைக் கையால் சுற்றியோ டிரில்லில் மாட்டிச் சுழற்றியோ, எத்தனை சுற்றுக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று எழுதி வைத்துக்கொண்ட பிறகே இறக்கையின் அளவையும் பேட்டரியையும் முடிவு செய்யுங்கள்.

ஃபேன் இறக்கை காற்றைத் தள்ளுவதற்காக வளைக்கப்பட்ட தகடு. அதைக் காற்றால் தள்ளவைத்தால் மெதுவாகச் சுற்றும், அவ்வளவே. 8 அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் அறுத்து, அடியில் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் செதுக்கினால், குழாயின் வளைவே ஓரளவுக்கு இறக்கையின் முறுக்கைத் தந்துவிடுகிறது. காற்றை வெட்டும் விளிம்பை உருட்டியும் பின்விளிம்பைக் கூராகவும் தேய்க்க வேண்டும். மூன்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்து, வட்டத்தை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அப்படியே நிற்கும்வரை சரிபார்க்க வேண்டும். என்னுடையதில் 20 கிராம் வேறுபாட்டுக்கே கம்பம் முழுவதும் அதிர்ந்தது.

அடுத்து நான் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்த வேண்டாம். சோலார் பேனலுக்கு வாங்கிய சார்ஜ் கன்ட்ரோலரையே காற்றாலைக்கும் மாட்டியிருந்தேன். பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. துண்டித்தால் பேனல் சும்மா இருக்கும். காற்றாலை சும்மா இருக்காது. ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை பேட்டரி நிறைந்து, கன்ட்ரோலர் இணைப்பை விட்டது. சுமை போன மறுகணமே இறக்கைகளின் ஒலி விசிலாக உயர்ந்தது, மீட்டர் 100 வோல்ட்டைத் தாண்டியது, கன்ட்ரோலருக்குள் ஏதோ டப்பென்று வெடித்தது, சிறிது நேரத்தில் ஓர் இறக்கை போல்ட் துளையோடு பிய்ந்து நாற்பது அடி தள்ளி வாழைக்கன்றுகளுக்கு நடுவே குத்திட்டு நின்றது. மாலை நேரம் என்பதால் தோட்டத்தில் வேலையாட்கள் யாரும் இல்லை.

இப்போது பேட்டரியின் இணைப்பு எந்நேரமும் இருக்கிறது. 28.8 வோல்ட்டை எட்டியதும் ரிலே என்னும் தானியங்கிச் சுவிட்ச், மிஞ்சிய மின்சாரத்தைப் பழைய ஹீட்டர் சுருளுக்குத் திருப்பிவிடுகிறது. கம்பத்தின் அடியில் உள்ள சுவிட்ச், மோட்டாரின் மூன்று கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து இறக்கைகளை நிறுத்திவிடும். ஆனால் சூறைக்காற்று பிடித்த பிறகு அதை நம்ப முடியாது, முன்கூட்டியே போட வேண்டும். அதற்காகத்தான் வாலைச் சாய்வான கீலில் தொங்கவிட்டு, இறக்கை வட்டத்தைக் கம்பத்துக்குச் சற்று ஒதுங்கினாற்போல் வைத்திருக்கிறேன். காற்று மிஞ்சினால் முகப்பு தானாகவே பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் ஸ்கொரைக் தீபகற்பத்தில் வாழ்ந்துகொண்டு, பழைய வண்டிகளின் பிரேக் டிரம்மிலிருந்தே காற்றாலை கட்டக் கற்றுக்கொடுத்த ஹ்யூ பிகாட் இந்த வால் முறையைப் பரவலாக்கியவர்களில் ஒருவர்.

மொட்டை மாடியை விட்டுவிடுங்கள். சுவரில் மோதி எழும் காற்று அங்கே சுழன்றுகொண்டே இருக்கும், அதிர்வு கட்டடத்துக்குள் இறங்கும், பிய்ந்த இறக்கை தெருவில் விழும். நான் 9 மீட்டர் ஜி.ஐ. குழாயை நான்கு பக்கமும் ஸ்டே கம்பி கட்டி நிறுத்தியிருக்கிறேன். அடியில் கீல் இருப்பதால் பழுது பார்க்கத் தரைக்குச் சாய்த்துவிடலாம். தோட்டத்துத் தென்னைகளைத் தாண்ட அது போதாத உயரம்தான்.

மின்கட்டணம் பற்றிய கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று கொட்டும் வைகாசி முதல் ஆவணி வரை எனக்கு நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் கிடைக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 75 யூனிட். தமிழ்நாடு அரசு 2016-இல் வீடுகளுக்கு இலவசமாக்கியதே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். மார்கழியில் பேட்டரி நிறைந்தாலே பெரிய காரியம். பம்ப் செட் அறையின் விளக்குகளுக்கும் ஒரு சிறு ஃபேனுக்கும் செல்போனுக்கும் அது போதும் என்பதால் நான் வைத்திருக்கிறேன். கட்டணத்தைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் உங்கள் மாடிக்குச் சோலார் பேனலே ஏற்றது. செய்து பார்க்கும் ஆசைதான் காரணமென்றால், அந்த ஆல்டர்னேட்டரைக் காயலான் கடையில் கொடுத்துவிட்டு, அங்கேயே ஹப் மோட்டார் ஏதாவது கிடக்கிறதா என்று கேளுங்கள். வாங்குமுன் மூன்று கம்பிகளின் முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சேர்க்காதபோது இலகுவாகச் சுற்றி, சேர்த்ததும் கனமாக இழுத்தால் காந்தமும் சுருளும் நன்றாக இருக்கின்றன.