ஆயில் பெயின்டிங்குக்கு 40,000 ரூபாய் கொடுக்கலாமா, பிரிண்ட் போதாதா?

கேள்வி: புது வீட்டு ஹாலுக்கு இயற்கைக் காட்சி ஆயில் பெயின்டிங் ஒன்று பார்த்தோம், 40,000 ரூபாய் சொல்கிறார்கள். அதே மாதிரி கேன்வாஸ் பிரிண்ட் 3,000-க்குக் கிடைக்கிறது. ஒரிஜினல் வாங்குவது வீண் செலவா?

பதில்:

"இந்தக் காசுக்குத் தங்கம் வாங்கலாமே" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வேளச்சேரியில் இருக்கிறேன், பதினைந்து வருடமாக ஆயிலில் வரைகிறேன். தன் வியாபாரத்துக்காகப் பேசுகிறாள் என்று சொல்ல ஆள் இருக்கும். என்னிடம் வாங்கச் சொல்லவில்லை. பிரிண்ட் வாங்குவதும் தப்பில்லை, ரவி வர்மாவே 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்துத் தன் படங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்தான்.

ஆனால் "அதே மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

2023-ல் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை வரைந்தேன், மூன்றடிக்கு இரண்டடி. மார்ச் மாதம் முழுக்க காலை ஆறு மணிக்கு ரேடியல் ரோடு ஓரத்தில் நின்று பார்த்தேன். பூநாரை என்றால் எல்லோருக்கும் ரோஸ் கலர். அங்கே நிற்கும் பூநாரை கிட்டத்தட்ட வெள்ளை, இறக்கையை விரிக்கும்போதுதான் உள்ளே இருக்கும் சிவப்பு ஒரு நொடி தெரியும், மடக்கினால் போய்விடும். அதைவிடச் சேற்றின் நிறம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. ஈரச் சேறு கறுப்பில்லை, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் அல்ட்ராமரைன் நீலம் கலந்து, துளி வெள்ளை சேர்த்து, அது காய்ந்த பிறகு பார்த்தால் செத்துப்போயிருக்கும், மறுபடி மேலே பூச வேண்டும். ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். கெட்டியாகப் பூசிய இடம் உள்ளே காய மாதக்கணக்காகும், நம் ஊர் மழைக்காலத்தில் இன்னும் மெதுவாக. நவம்பரில்தான் முடித்தேன். நீங்கள் கொடுக்கும் காசில் அந்த எட்டு மாதமும் இருக்கிறது.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அந்தச் சதுப்பு நிலம் குடிக்க வேண்டிய தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை நின்றது. பீரோ துணியை அப்படியே விட்டுவிட்டு, சேறு இன்னும் காயாத அந்த கேன்வாஸை நானும் மகளும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரணில் ஏற்றினோம்.

மறு வருடம் ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள், நல்ல மனிதர்கள், விலையும் பேசவில்லை. "பறவையை மட்டும் இன்னும் கொஞ்சம் பிங்க் ஆக்கித் தர முடியுமா மேடம், சோபா குஷனுக்கு மேட்ச் ஆகும்" என்றார்கள். முடியாது என்றேன். அன்று எனக்குப் பணம் தேவைப்பட்டது, இருந்தும் அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

இதற்கெல்லாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் மகள் படித்த பள்ளியில் வாரம் ஒரு டிராயிங் பீரியட், அதையும் பரீட்சை வந்தால் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். டிராயிங் மாஸ்டரை ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோல் வெட்டத்தான் கூப்பிடுவார்கள். நான் நேரில் போய்க் கேட்டதற்கு "பத்தாவதுக்கு இதெல்லாம் எதுக்கு மேடம்" என்றார்கள். எப்படித்தான் கண் பழகும், சொல்லுங்கள்.

சரி, உங்கள் விஷயம். காலை வெயில் வரும் நேரத்தில் போய்ப் படத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், ஒரிஜினல் என்றால் பெயின்ட் மேடு பள்ளமாகத் தெரியும். பின்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், பூஞ்சை இருந்தால் வேண்டாம். வாங்கினால் பாத்ரூம் சுவரிலும் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும் மாட்டாதீர்கள், இருட்டு அறையிலும் வேண்டாம், ஆயில் மஞ்சளடிக்கும்.

என் பள்ளிக்கரணை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வலது கீழ் மூலையில், பரணில் ஏற்றும்போது பதிந்த என் மகளின் கட்டைவிரல் ரேகை அப்படியே இறுகிப்போயிருக்கிறது. அதன்மேல் நான் பூசவில்லை.