பட்டறைக்காரர் படகைத் தர மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் என் விசைப்படகை அடிப்பலகை மாற்றவும் எஞ்சின் வேலைக்கும் பட்டறையில் விட்டேன். 4 லட்சம் ஆகும் என்று வாய்ப்பேச்சாகப் பேசி, இரண்டரை லட்சம் கொடுத்துவிட்டேன். இப்போது 7 லட்சம் கேட்கிறார். என் தம்பி படகின் போன வருடப் பாக்கியையும், படகு நிற்கும் நாட்களுக்கு வாடகையையும் அதில் சேர்த்திருக்கிறார். முழுப் பணமும் தந்தால்தான் படகு என்கிறார். ஆட்களோடு போய் இறக்கிக்கொண்டு வந்துவிடலாமா?
வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். படகு உங்களுடையதுதான். ஆனாலும் கூலி பாக்கி இருக்கும்வரை, வேலை பார்த்தவர் அதைத் தன் கையில் வைத்துக்கொள்ள 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இடம் தருகிறது. பழுதுபார்த்தவர் கூலிக்காகப் பிடித்து வைத்த கடிகாரத்தை, பணம் தராமல் எடுத்துப்போகும் சொந்தக்காரரையே திருட்டுக்கு ஓர் உதாரணமாகக் குற்றவியல் சட்டம் காட்டுகிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் படகை இறக்கினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் வரும்.

ஆனால் அவருடைய உரிமை மிகவும் குறுகலானது. இந்தப் படகில் பார்த்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான் அது செல்லும். தம்பி படகின் பாக்கிக்கு உங்கள் படகைப் பிடிக்க முடியாது. பழைய கணக்குக்கெல்லாம் சேர்த்துப் பிடித்து வைக்கும் உரிமையை அதே ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கி போன்ற சிலருக்கே தருகிறது. தன் இஷ்டத்துக்குப் படகை விற்கவும் அவரால் முடியாது. மீதியைத் தொழிலுக்குப் போன பிறகு தருகிறேன் என்று பேசி அவர் ஒப்புக்கொண்டிருந்தால், பிடித்து வைக்கும் உரிமையே அவருக்கு இல்லை. அப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

நாள் வாடகை விஷயத்தில் 1860ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்று உண்டு. ‘பிரிட்டிஷ் எம்பயர்’ என்ற கப்பலைக் கூலிக்காகப் பிடித்து வைத்த பட்டறை, நின்ற நாட்களுக்கும் காசு கேட்டது. உன் பாதுகாப்புக்காக நீ வைத்திருந்தாய், அதற்குக் கப்பல்காரர் ஏன் தர வேண்டும் என்று நீதிபதிகள் அதை மறுத்துவிட்டார்கள். நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு உதவும்.

உண்மையான சண்டை கூடுதல் வேலையில்தான். பலகையைப் பிரித்த பிறகுதான் உள்மரம் உளுத்தது தெரியும் என்று பட்டறைக்காரர் சொன்னால் அது பெரும்பாலும் உண்மைதான். நீங்கள் வேண்டாம் என்று சொல்லாமல், அந்த வேலையின் பலனையும் ஏற்றுக்கொண்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி நியாயமான விலையைத் தர வேண்டியிருக்கும். எது நியாயம் என்பதற்குத்தான் சாட்சி வேண்டும். மரம், ஆணி, உதிரிபாகம், ஆள்கூலி என்று வரிவரியாகப் பில் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். படகு கரையில் இருக்கும்போதே வெளியார் ஒருவரை, முடிந்தால் மரைன் சர்வேயரை (கப்பல், படகுகளைச் சோதித்து மதிப்பிடுபவர்), வைத்துப் பார்த்து அறிக்கை வாங்குங்கள். கடலில் இறங்கிவிட்டால் அடிப்பலகையை யார் பார்ப்பது?

அப்புறம், முதலில் படகை வெளியே கொண்டு வாருங்கள், வழக்கைப் பிறகு நடத்தலாம். ஜூன் 14-ஓடு தடைக்காலம் முடிகிறது. அதன் பிறகு படகு கரையில் நின்றால் உங்களோடு சேர்ந்து படகில் வரும் தொழிலாளிகளின் அடுப்பும் அணைகிறது. நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையைக் கொடுங்கள். மீதிக்கும் அவர் பிடிவாதம் பிடித்தால், இரண்டு வழி உண்டு. ஒன்று, ‘ஆட்சேபத்தோடு, உரிமையை விட்டுத்தராமல் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் செலுத்துவது. சரக்கைத் தர மறுத்து ரயில்வே அநியாயமாக வாங்கிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 72ஆம் பிரிவே உதாரணம் சொல்கிறது. கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால், கடலூர் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தகராறுத் தொகைக்கு ஜாமீன் காட்டி, படகை விடுவிக்க இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

படகு கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. பழுதுபார்த்த கூலி, கப்பல், படகு வழக்குகளுக்கான 2017ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டத்தின்படி கடல்சார் கோரிக்கை. பட்டறைக்காரர் சென்னை உயர் நீதிமன்றம் போய்ப் படகைக் கைது செய்ய, அதாவது நகரவிடாமல் நிறுத்திவைக்க, உத்தரவு கோரலாம். பட்டறை புதுச்சேரியில், தேங்காய்த்திட்டுப் பக்கம் இருந்தாலும் அதே உயர் நீதிமன்றம்தான். செலவு கட்டுப்படியாகுமா என்று இரு தரப்பும் யோசிக்க வேண்டும். அதனால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, சமரசம் பேசித் தீர்க்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) போவதையே நான் சொல்வேன். அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

நட்டஈடு கேட்டு வழக்குப் போட பொதுவாக 3 வருடம் அவகாசம். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடம்தான், அதுவும் சொந்தப் பிழைப்புக்கான படகு என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.